பொரிமண் மாதிரி

திருவண்ணாமலை மண்டித் தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வாங்க வருகிற எண்ணெய்ச் செக்குக்காரர்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. தரகன் உள்ளங்கையில் வைத்து நீட்டும் ஒரு பிடியைப் பார்ப்பார்கள். இரண்டை உடைத்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்று, முகத்தில் எதையும் காட்டாமல் விலை சொல்வார்கள். மூட்டையின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பது, பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் பல்லை எண்ணுகிற மாதிரி.

தரகர்கள் கொண்டுவரும் அந்தப் பிடிக்கு மாதிரி என்று பெயர். அதில் கல் இருக்காது, சொத்தை இருக்காது, ஒவ்வொரு பருப்பும் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கும். வாங்குகிறவன் அந்த அழகை ரசித்துவிட்டு, மனசுக்குள் பத்துக்கு இரண்டு கழித்து விலை கேட்பான். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. மாதிரி என்றால் புடைத்துப் பொறுக்கித்தான் வரும் என்பது விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், மண்டியில் மேயும் ஆட்டுக்கும் தெரியும்.

முருகையன் ஒருவன்தான் விதிவிலக்கு. சாக்கின் நடு வயிற்றில் முழங்கை வரை கையை விட்டு, வந்ததை வந்தபடி எடுத்து நீட்டுவான், கல்லோடும் சொத்தையோடும். "முருகையன் புடியா? அப்பக் கழிக்காத" என்பார் மண்டி முதலாளி ராஜேந்திரன். இருபத்திரண்டு வருஷமாக முருகையன் வீட்டில் உலை கொதித்தது அந்த ஒரு பேச்சினால்தான்.

இப்பேர்ப்பட்டவனுக்குப் பரம்பரைச் சொத்தாக வாய்த்தது ஒரு குப்பை மேடு.

அடி அண்ணாமலையைத் தாண்டி மேற்கே போனால் நாகப்பாறை. அங்கே அவன் அப்பாவின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, பக்கத்துப் புறம்போக்கில் வெர்மிகுலைட் வெட்டியது ஒரு கம்பெனி. ஊரார் அதற்கு வைத்த பெயர் பொரிமண். அப்பளம் மாதிரி செதில் செதிலாக இருக்கும்; நெருப்பில் போட்டால் அரிசிப் பொரி மாதிரி உப்பிக்கொள்ளும். சூளைக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய பெரிய செதிலை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் முருகையன் நிலத்தில் கொட்டினார்கள். கம்பெனி மூடிப் பதினாறு வருஷம். மேடு மட்டும் இரண்டு தென்னை உயரத்துக்கு நின்றது. அதில் புல்கூட வேர் பிடிக்கவில்லை. ஆடி மாசத்துக் காற்றில் அதன் தூள் நாகப்பாறை முழுக்கப் பறந்து, எல்லோர் வீட்டுக் குழம்பிலும் மினுமினுவென்று மிதக்கும். "உங்க நெலத்துலேர்ந்து வெள்ளி வந்திருக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

போன மாசி மாசம் சைலஜா வந்தாள். ஏதோ ஆராய்ச்சி நிலையம். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். மேட்டில் ஏறி, ஒரு கை மண்ணை அள்ளி, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிறு குழந்தை மாதிரி சிரித்தாள்.

"அண்ணா, இந்தக் கறுப்புக் கறுப்பா இருக்கே, இதுல நியோபியம்னு ஒரு உலோகம் இருக்கு. இரும்புல ஒரு சிட்டிகை போட்டாப் போதும், பாலம் ரயிலெல்லாம் கெட்டியா நிக்கும். இப்ப வெளிநாட்டுலேர்ந்துதான் வாங்குறோம். அந்தக் கம்பெனிக்காரங்க உமியை எடுத்துக்கிட்டு அரிசியைக் கொட்டிட்டுப் போயிருக்காங்க."

முருகையனின் மனைவி பாஞ்சாலை, மோர்ச் சொம்போடு நின்றவள், "அப்ப இந்தக் கண்றாவி எங்க நெலத்த வுட்டுப் போவும்னு சொல்றியா, பாப்பா?" என்று கேட்டாள். நியோபியத்தைப் பற்றி அவளுக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

ஊர்க் கூட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவர் தருமன் எழுந்து நின்று ஒரே போடாகப் போட்டார். "மண்ண எடுத்துக்கினு போங்க, மவராசியா போங்க. ஆனா இத்தக் கழுவிப் பிரிக்கணும்னா தண்ணி ஜாஸ்தி வேணும்னு கேள்வி. எங்க ஏரியிலேர்ந்து ஒரு கொடம் எடுக்கக் கூடாது. வெயில் காலத்துல எங்க மாடே நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது."

"முதல்ல எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம் சார்" என்று சைலஜா உட்கார்ந்துவிட்டாள்.

மாதிரி எடுக்க வேண்டிய வாரத்தில் அவள் அம்மாவுக்குச் சென்னையில் ஆபரேஷன். முருகையனைக் கூப்பிட்டு விளக்கினாள். பன்னிரண்டு இடத்தில் இடுப்பளவு குழி, குழிக்கு அரைச் சாக்கு மண், அதை நன்றாகக் கலந்து ஒரு கிலோ மட்டும் கவரில், நம்பர், கீழே கையெழுத்து. "வந்தது வந்தபடி இருக்கணும் அண்ணா, அதுதான் முக்கியம்."

"அத்த எங்கிட்டயா சொல்றீங்க?" என்று முருகையன் சிரித்தான்.

இரண்டு நாள் தோண்டினான். அந்த மண் கடப்பாரைக்கு வழிவிட்டு, மண்வெட்டிக்கு வழுக்கியது. பன்னிரண்டு அரைச் சாக்கும் வாசலில் வரிசை கட்டியபோது மண்டியிலிருந்து போன். கலசபாக்கத்துப் பக்கமிருந்து மூன்று லாரி மல்லாட்டை இறங்கியிருக்கிறது. "சாக்குக்கு ஒரு கிலோ மாதிரி, கவர்ல போட்டு நம்பர் மாறாம கட்டி வையி" என்று பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டு ஓடினான். மறுநாள் சாயங்காலம் வந்தபோது பன்னிரண்டு கவரும் கட்டித் தயாராக இருந்தன. வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினான். கவரைப் பிரித்து உள்ளே கையை விடவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. உலகத்தில் எந்தக் குப்பை மேட்டிலும் இத்தனை இல்லை என்று சைலஜா போனில் திக்கித் திணறினாள். மண்டி முழுக்கப் பரவிவிட்டது. "முருகையா, இனிமே நீ மல்லாட்ட தொட்டா கையி அழுக்காயிடுமே" என்றார்கள். டீக்கடையில் அவனிடம் காசு வாங்க மறுத்து, அடுத்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் சேர்த்து அவனே கொடுப்பான் என்று அறிவித்தார்கள்.

அந்தச் சந்தோஷத்துக்குப் பதினைந்து நாள்தான் ஆயுள். சைலஜாவின் மேலதிகாரி சோமசேகரன் தன் ஆட்களோடு வந்து, தானே குழி தோண்டி, தானே மண் எடுத்துப் போனார். அதில் எட்டில் ஒரு பங்குதான் இருந்தது. ஆடி பிறந்த மூன்றாம் நாள், ஏலம் நடக்கும் நேரத்தில் மண்டி வாசலில் அவருடைய ஜீப் வந்து நின்றது.

"இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் சார்."

"மண்ணை எடுத்தது, கவர்ல போட்டது எல்லாம் நீங்களேதானா?"

சுற்றி நாற்பது பேர். பெண்டாட்டி போட்டாள் என்று சொல்ல முருகையனுக்கு நாக்கு எழவில்லை. "நானேதான் சார்."

"அப்ப எங்கேர்ந்து கொண்டுவந்து கலந்தீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. நிலத்துக்கு நல்ல விலை வரும்னுதானே? அந்தப் பொண்ணு வேலையே இப்ப ஊசலாடுது. இன்னும் ஒரு வாரத்துல ஃபைலை மூடப் போறேன். மூடறப்ப உங்க பேரையும் எழுதித்தான் மூடுவேன்."

ஜீப் போய்விட்டது. ஏலம் மறுபடியும் தொடங்கியது. நாற்பது பேரும் அவரவர் குவியலுக்குத் திரும்பினார்கள். மண்டியில் வார்த்தையால் அடிப்பது சின்ன வியாபாரிகளின் வழக்கம்.

மறுநாள் முருகையன் வழக்கம்போல ஒரு பிடி அள்ளி நீட்டினான். ராஜேந்திரன் அதைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, அதே சாக்கில் தன் கையை விட்டு, அடியிலிருந்து இன்னொரு பிடி எடுத்துப் பார்த்தார்.

முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை.

"இன்னாய்யா, இந்நேரத்துக்கு வந்து நிக்கிற? ஒடம்பு சரியில்லியா?" என்றாள் பாஞ்சாலை.

"மனசு சரியில்ல."

"அதுக்கு மாத்திர கெடயாது. கையக் கழுவிக்கினு வா, களி ஆறிப்பூடும்."

கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. இரண்டு வாய் விழுங்கிவிட்டு, "ராஜேந்திரன் சாக்குல கைய வுட்டுட்டாரு மே" என்றான்.

"அவரு சாக்கு, அவரு கை. ஒனக்கு இன்னா?"

"ஒனக்குப் புரியாது. எம்புடியப் பாத்த அப்புறம் வுட்டாரு. நாளிக்கு நாப்பது பேரும் வுடுவாங்க. அப்பறம் நான் எதுக்கு மண்டிக்கு? எட வெக்கற கல்லு போதுமே."

"எதுக்காம் திடீர்னு?"

"மண்ணுல கலந்துட்டேனாம்."

"இன்னாத்த?"

"நல்ல மண்ணு."

"நல்ல மண்ணு எங்கய்யா கெடைக்குது? கெடச்சா நம்ப நெலத்துல கொட்டிக்கினு நாலு கத்திரிச் செடியாவது வெச்சிருக்க மாட்டமா?"

"வெளையாடாத மே. நாம குடுத்ததுல எட்டு பங்கு ஜாஸ்தி. அதே மேடு, அதே குழி. அவங்க எடுத்தா கம்மி. எப்பிடி ஆவும்?"

பாஞ்சாலை குழம்புக் கரண்டியை நிறுத்தி யோசித்தாள். "அவங்க பொடச்சாங்களா?"

"இன்னாது?"

"எடுத்தத பொடச்சு எடுத்தாங்களா, சொம்மா அள்ளிக்கினு போனாங்களான்னு கேக்கறேன்."

முருகையன் வாயிலிருந்த களியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான். "நீ பொடச்சியா?"

"பின்ன? அதுல சருகு, வேரு, ஆட்டுப் புழுக்க எல்லாம் கெடந்துச்சு. போதாததுக்குத் தவுடு கணக்கா செதிலு. அத்த அப்பிடியே கட்டி அனுப்பி, மெட்ராஸ்ல நாலு படிச்சவங்க பிரிச்சாங்கன்னா, முருகையன் பொண்டாட்டி கை லட்சணம் இதான்னு சொல்ல மாட்டாங்க? மொதல்ல காத்துல தூத்துனேன். காத்து நின்னப்ப மொறத்துல பொடச்சேன். கடசீல கொழிச்சேன். அரைச் சாக்குக்குக் கரெக்டா ஒரு கிலோ, ஒண்ணே கால் கிலோ தேறுச்சு. கறுப்பா, கேவுரு மாதிரி, பாக்கவே லட்சணமா இருந்துச்சு."

"மிச்சம்?"

"எருக்குழில கொட்டிட்டேன்."

"பன்னெண்டு சாக்குமா?"

"ஒரு நா முழுக்க. இடுப்பு ஒடஞ்சிச்சு. ஒரு வார்த்த நல்லா இருக்குதுன்னு சொன்னியா நீ? மாதிரின்னு நீதான சொன்ன? எங்கப்பன் வூட்ல ஒம்போது வயசுலேர்ந்து மாதிரிக்கு மல்லாட்ட பொடச்சது நான்தான். மாதிரின்னா வேற எப்பிடிக் கட்றதாம்?"

"இருவத்திரண்டு வருசமா மண்டில நான் எப்பிடி மாதிரி காட்றேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான நாம இன்னும் சிமிட்டு ஓட்டுக்குக் கீழ குந்தியிருக்கறோம்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு, அது பாதியிலேயே நின்றுபோனது. "இத்த வெளிய சொன்னா ஊரே சிரிக்கும் மே. ஒன்னப் பாத்து சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் ஒனக்கு மாலையா போட்றாங்க? சிரிக்கறவன் சிரிச்சிட்டுப் போறான். திருடன்னு சொல்றத வுட அது கம்மிதான். காலைல கெளம்பு, நானும் வரேன். மொறத்த வண்டில கட்டு."

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு வீட்டு மாடியை அந்த நிலையம் வாடகைக்கு எடுத்திருந்தது. கீழே வெள்ளைக்காரர்கள் தேங்காய்ப்பால் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் முறத்தோடு படியேறிய பாஞ்சாலையை ஒருத்தி போட்டோ எடுத்தாள். மேலே சைலஜா பெட்டிகளில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது.

பாஞ்சாலை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், இடுப்பு வலி உட்பட. சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முந்தாநாள் நானேதான் போட்டேன்னு சொன்னார். இன்னைக்கு நீங்கன்னு சொல்றீங்க. கதை நல்லா இருக்கும்மா."

"கதைன்னு தோணுச்சுன்னா ஜீப்ப எடுங்க சார். மேடு அங்கயேதான கீது? ஓடியா பூடுச்சு?"

சைலஜா பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "சார், ஒரு தடவை பார்த்துடலாம் சார்."

நாகப்பாறையில் காற்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. சோமசேகரன் காட்டிய இடத்தில், அவருடைய ஆட்களே குழி தோண்டி அரைச் சாக்கு அள்ளினார்கள். முருகையனைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார் அவர். மாமனார் வீட்டு விருந்தில் பந்திக்குக் காத்திருப்பவனைப் போல அவன் ஓரமாகப் போய் நின்றான்.

"அக்கா, மூக்குல இதைக் கட்டிக்கோங்க. இந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது" என்று சைலஜா ஒரு முகக்கவசத்தை மாட்டிவிட்டாள்.

பாஞ்சாலை புடவையை இழுத்துச் செருகினாள். காற்று வரும் திசைக்குப் பக்கவாட்டில் நின்று, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி மெதுவாகச் சரித்தாள். செதில்கள் தட்டையாகக் காற்றில் படுத்துக்கொண்டு வெகு தூரம் பறந்தன. கறுப்பு மணிகள் அவள் கால்மாட்டிலேயே கொட்டின. காற்று ஓய்ந்தபோது குந்தி உட்கார்ந்து புடைத்தாள். பிறகு முறத்தைச் சற்றே சாய்த்து, மணிக்கட்டால் அரை வட்டமாக ஆட்டிக் கொழித்தாள். லேசானதெல்லாம் முன்னால் நகர்ந்து விளிம்பில் வழிய, கனமானது பின்னால் ஒதுங்கி நின்றது. முக்கால் மணி நேரம். சோமசேகரனின் வெள்ளைச் சட்டை மினுமினுத்தது.

சைலஜா, மண்ணில் உலோகம் எவ்வளவு என்று காட்டும் துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியை முறத்தின் மேல் வைத்து அழுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். கருவியைச் சோமசேகரனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி, தானே அழுத்திப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். "இன்னொரு குழி" என்றார். அதையும் பார்த்தார். மூன்றாவது குழி முடிந்தபோது உச்சி வெயில். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மடங்கு. மூணுலயும் எட்டு மடங்கு."

"அதான் நான் சொன்னேன்ல?" என்றாள் பாஞ்சாலை, கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு.

"சைலஜா, தண்ணியில்லாம பிரிக்க முடியாதுன்னு எழுதினது யாரு?"

"நாமதான் சார். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். செதில் தட்டையா இருக்கறதால காத்துலயே போயிடும்னு நாம யோசிக்கவே இல்ல."

விஷயம் ஊருக்குள் எட்டி, தருமனும் வந்து சேர்ந்தார். முறத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுத் தண்ணி வேணாமா? அப்ப எங்களுக்கு இன்னா ஆட்சேபண? ஆனா தூளு ஊருக்குள்ள வராம பாத்துக்கணும்" என்றார். நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் செய்யலாம் என்றாள் சைலஜா.

சோமசேகரன் எழுந்து முருகையனிடம் வந்தார். "இது தங்கச் சுரங்கம் இல்லை. மேட்டுல இருக்கறது நான் சொன்ன அளவுதான், கம்மிதான். ஆனா எட்டு மடங்கு வர்ற மாதிரி புடைச்சு எடுத்ததை ஆலைக்குக் கொண்டுபோனா கட்டுப்படியாகும். அனுமதி நிறைய வாங்கணும், ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள நூறு டன்னாவது சோதிச்சுப் பார்க்கணும். அதை முறத்துல பண்ண முடியாது."

"மல்லாட்ட தூத்தற மிஷினு இருக்குது சார், விசிறி வெச்சது" என்றான் முருகையன். முந்தாநாளுக்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ராஜேந்திரன் மொதலாளி குடோன்ல ரெண்டு கெடக்குது."

"அப்ப நாளைக்கே போய்க் கேட்போம்."

"கேக்கலாம்" என்று பாஞ்சாலை குறுக்கே வந்தாள். "அதுக்கு முன்னால ஒண்ணு. எங்க வூட்டுக்காரர மண்டில நாப்பது பேரு எதிர்ல சொன்னீங்க. அத்த அதே எடத்துல, ஏலம் நடக்கறப்ப திருப்பி எடுத்துக்கணும். டீக்கடையில சொன்னாச் செல்லாது."

மறுநாள் ஏலத்தை நிறுத்தச் சொல்லி, சோமசேகரன் மல்லாட்டைக் குவியல்களுக்கு நடுவில் நின்றார். இப்படிப்பட்ட கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "முருகையன் எதையும் கலக்கவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன். அவர் மனைவி விவரம் தெரியாமல்..."

"சார்" என்றான் முருகையன். "விவரம் தெரியாம ஒண்ணும் இல்ல. அவ தனக்குத் தெரிஞ்ச வேலைய சுத்தமா பண்ணா. தப்பு என்னுது. கவர பிரிக்காம, கைய வுட்டுப் பாக்காம கையெழுத்து போட்டேன். நானேதான் கட்னேன்னு உங்ககிட்ட பொய்யும் சொன்னேன். அந்த ரெண்டும் நெசம். மத்தது இல்ல."

ராஜேந்திரன் மோவாயைச் சொறிந்தார். "பொண்டாட்டி கட்டிக் குடுத்தத பிரிச்சுப் பாக்கற தெகிரியம் இங்க எவனுக்குடா இருக்குது?" என்றார். முதலில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். முருகையனோடு வந்திருந்த பாஞ்சாலையும் சிரித்தாள், புடவைத் தலைப்பை வாயில் வைக்காமலே.

சோமசேகரன் மெஷின் விஷயத்தைச் சொல்லி, "மாச வாடகை எவ்வளவு கேக்கறீங்க?" என்றார்.

ராஜேந்திரன் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "சார், சார், வெலய இப்பிடிச் சந்தைக்கு நடுவுல வாய் வுட்டு பேசக் கூடாது. நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, நான் ஒண்ணு சொல்லுவேன், நாளிக்கு ஊரே அதே வெலைக்குக் கேக்கும். துண்டுக்குள்ள பேசணும். நடுவுல ஒரு தரகன் இருப்பான், அவன் கைய நீங்களும் புடிப்பீங்க, நானும் புடிப்பேன். வெரலு கணக்கு. எங்க மனசு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

"எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதே. ஏமாந்துட்டா?"

"அதுக்குத்தான் ஆளப் பாத்து கூப்புடறது." ராஜேந்திரன் வரிசையாக நின்ற தரகர்களைப் பார்த்தார். ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே துண்டில் கை வைத்துவிட்டார்கள். அவர் பார்வை அவர்களையெல்லாம் கடந்து போனது. "முருகையா, இன்னா மரம் மாதிரி நிக்கிற? துண்ட எடு."

முருகையன் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறி, தன் இரண்டு கையின் மேலும் போர்த்திக்கொண்டான். ராஜேந்திரனின் கை பழக்கதோஷத்தில் தானாக உள்ளே வந்தது. சோமசேகரன் தயங்கினார்.

"ஆனா இது உங்க நிலத்து வேலை. நீங்க எங்க பக்கமா, அவர் பக்கமா?"

"துண்டுக்குள்ள வந்துட்டா நான் யாரு பக்கமும் இல்ல சார்."

"என் கூலி அதுல சேராது, அது தனி" என்று பின்னாலிருந்து பாஞ்சாலை குரல் கொடுத்தாள். "எனக்கு மட்டும் இல்ல, நான் கூட்டியாற பத்துப் பொம்பளைங்களுக்கும்."

சோமசேகரன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் கையை நீட்டினார். பேனா பிடித்தே பழகிய மெத்தென்ற கை, லேசாக வியர்த்திருந்தது. முருகையன் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, ஒன்றை மட்டும் அழுத்திப் பிடித்தான்.

"பயப்படாதீங்க சார். இது ஆயிரம். இதுலேர்ந்து ஆரம்பிப்போம்."